சிறு பிழையும் பிழையே



மாதிரிக் கார் செய்யும் ஒருவர், கதவில் எழுதும் ஓர் இலக்கத்துக்காகப் பல நாட்கள் தேடுகின்றார் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். அது வீண் வேலையன்று என்பதே எனது கருத்து.

பிரான்சில் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரக் காரோட்டப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது ஒரே கார்தான். வெளிர்நீல நிறமும் செம்மஞ்சள் பட்டியும் கொண்ட ஃபோர்ட் ஜீ.ரீ. 40 அது. ஆனால் 1968இல் அதன் இலக்கம் 9, 1969இல் 6. ஓட்டியவர்களும் வேறு. ஆண்டு குறிக்கப்படாத படத்தை நம்பினால், எவ்வளவு அழகாகச் செய்தாலும் மாதிரி பிழையாகிவிடும்.

திரைப்படத்தையும் அப்படியே நம்ப முடியாது. 1971இல் வெளிவந்த 'லெ மான்' படத்தில் வெளிர்நீல போர்ஷே 917 வெல்கின்றது. 1970இல் நடந்த உண்மைப் போட்டியில் வென்றதோ சிவப்பும் வெள்ளையுமான 23ஆம் இலக்க போர்ஷே 917.

வரலாற்றுப் பாடத்தில் முதலாம்நிலை, இரண்டாம்நிலை மூலாதாரங்கள் என்று மனனம் செய்கின்றீர்களே, அதன் பயன் இதுதான். போட்டியன்று எடுத்த புகைப்படம் முதலாம்நிலை மூலாதாரம். பின்னர் கதையாக்கிய படம் அவ்வாறானதன்று.

ஒருமுறை எனது குறிப்பொன்றில் ஓர் ஆண்டைப் பிழையாக எழுதிவிட்டேன். என்னை நம்பிய மாணவர்கள் அதையே பரீட்சையில் எழுதினார்கள். புள்ளியை இழந்தவர்கள் அவர்கள், நானல்ல.

ஆகவே எனது குறிப்பையும் பாடநூலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே படியுங்கள்.