விதை கடல் கடக்கும். உரிமைக்கு ஏடு வேண்டும்

டெல்டா மாவட்டங்களில் வெள்ளத்துக்குப் பயந்து சம்பா பட்டத்தில் சி.ஆர். 1009 சப் 1 நெல்லை விதைக்கும் விவசாயிகள் இன்று ஏராளம். பொன்மணி என்று நாம் அழைத்துப் பழகிய சி.ஆர். 1009 ரகத்தில் ஒரே ஒரு குணத்தைச் சேர்த்ததுதான் இந்த ரகம். பயிர் ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்த பின் துளிர்த்து எழும். அந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு நெல்லில் இருந்து தேர்வு செய்யப்பட்ட எப்.ஆர். 13 ஏ ரகத்தில் இருந்து வந்தது. அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்து 2006-ல் உலகுக்கு அறிவித்தவர்கள், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள். ஒடிசா உழவர் காத்த குணம், இரண்டு நாடுகளின் ஆய்வுக்கூடங்களைச் சுற்றிவிட்டுத் தஞ்சாவூர் வயலுக்கு வந்திருக்கிறது.

விதை இப்படி நாடு கடக்கும்போது அறிவியலோடு சட்டமும் வணிகமும் அரசியலும் கூடவே பயணம் செய்கின்றன. இவற்றில் அறிவியலின் பலன் நம் வயலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. மற்ற மூன்றும் நம்மைக் கேட்காமலே நடக்கின்றன. விவசாயிகளும் விரிவாக்கப் பணியாளர்களும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கொடுத்தோம், வாங்கினோம்

1966-ல் வெளியான ஐ.ஆர். 8 நெல்லின் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் பீட்டா. மற்றொன்று தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென். அந்த பீட்டாவின் பெற்றோரில் ஒன்று வங்காளத்து லத்திசைல். நம் ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் கோவையில் உருவான ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச்சேர்த்துப் பிறந்தது. தமிழகம் முழுவதும் பல்லாண்டு பயிரான ஐ.ஆர். 20 ரகத்தைப் பெயரைப் பார்த்து வெளிநாட்டு நெல் என்று நினைத்தவர்கள் உண்டு. அதன் பெற்றோரில் ஒன்று திருவள்ளூர் மாவட்டம் திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6.

1970-களில், புகையான் பரப்பும் நச்சுயிரி நோய் ஒன்று ஆசிய நாடுகளில் நெற்பயிரைப் புல்போல் குட்டையாக்கி அழித்தது. அதைத் தாங்கும் நெல்லைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களைச் சோதித்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல்லில்தான் தேவையான எதிர்ப்புச் சக்தி இருந்தது. அதைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 36, ஒரு காலத்தில் உலகில் சுமார் 1 கோடி ஹெக்டேரில் பயிரானது.

எனவே, "நம் விதையை யாருக்கும் தர வேண்டாம்" என்று கதவை அடைப்பது தீர்வாகாது. அடைத்திருந்தால் நமக்கும் இவை கிடைத்திருக்காது. அடுத்த பூச்சிக்கும் அடுத்த வறட்சிக்கும் உரிய மருந்து எந்த நாட்டு நெல்லில் ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

பொதுச் சொத்து மாறிய கதை

1980-கள் வரை விதை வளம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்ற எண்ணமே உலக அரங்கில் மேலோங்கி இருந்தது. 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கை அதை மாற்றியது. ஒரு நாட்டின் உயிர் வளத்தின் மீது அந்த நாட்டுக்கே முழு உரிமை என்று ஏற்கப்பட்டது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, பயிர் ரகங்களுக்கு ஏதேனும் ஒரு வகையில் அறிவுசார் சொத்துரிமை தர வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தது.

அதே ஆண்டு நமக்கு முதல் அடி விழுந்தது. மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்த மருத்துவம் அது. ஆனால், "எங்கள் பாட்டிக்குத் தெரியும்" என்பது காப்புரிமை அலுவலகத்தில் எடுபடாது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய சுவடி நூல்களையும் 1953-ல் அச்சான மருத்துவக் கட்டுரை ஒன்றையும் சான்றாக வைத்த பிறகே, 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

வேப்பெண்ணெயைப் பூஞ்சாணக் கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பா 1994-ல் தந்த காப்புரிமை 2000-ல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. பாஸ்மதி வகை நெல்லுக்கு ரைஸ்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் 1997-ல் பெற்ற காப்புரிமையின் பெரும்பகுதியும், இந்தியா ஆவணங்களுடன் எதிர்த்த பின்னரே நீங்கியது. மூன்று வழக்குகளிலும் நம்மைக் காத்தவை சான்றுகளே.

நம் கையில் உள்ள சட்டம்

உலக வர்த்தக அமைப்பின் கட்டாயத்துக்கு இந்தியா தந்த பதில், 2001-ன் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம். ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை தரும் அதே சட்டம், உழவருக்கும் உரிமை தருகிறது. இதன் 39-வது பிரிவின்படி, பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் தன் நிலத்தில் விளைந்த விதையை உழவர் சேமிக்கலாம், மீண்டும் விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். அந்த ரகத்தின் பெயரை அச்சிட்ட பையில் அடைத்து, முத்திரை விதையாக விற்கக் கூடாது, அவ்வளவே. பதிவு பெற்ற ரகம், விற்றவர் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் இழப்பீடு கேட்கவும் இதே பிரிவு வழி செய்கிறது.

இந்த உரிமை 2019-ல் சோதனைக்கு உள்ளானது. தன் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நான்கு பேரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021-ல் அந்த ரகத்தின் பதிவே ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தைச் செல்லாது என்றது. பதிவு பற்றிய இந்த வழக்கு எப்படிப் போனாலும், 39-வது பிரிவு அப்படியே நிற்கிறது. ஆனால், தன் உரிமை தெரியாத விவசாயி வழக்கறிஞர் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துபோவார்.

பேச்சுவார்த்தை மேசையில்

வளர்ந்த நாடுகள் பல, வர்த்தகப் பேச்சுகளில் யூபோவ் எனப்படும் சர்வதேச அமைப்பின் 1991-ம் ஆண்டு விதிகளை ஏற்கும்படி மற்ற நாடுகளை வற்புறுத்துகின்றன. விதையைச் சேமித்துப் பரிமாறும் உழவர் உரிமையைச் சுருக்கும் விதிகள் அவை. இந்தியா அதில் சேரவில்லை. இனியும் சேரக் கூடாது.

இன்னொரு பக்கம், 2004-ல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வள ஒப்பந்தம் நெல் உள்ளிட்ட 64 பயிர் வகைகளின் விதைகளை ஆராய்ச்சிக்காக எளிதாகப் பரிமாற வழி செய்கிறது. மஞ்சளும் நிலக்கடலையும் கரும்பும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை வெளிநாட்டு நிறுவனம் ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டுமானால், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை.

இப்போது விதையை எடுத்துச் செல்லவே தேவையில்லாத காலம் வந்துவிட்டது. மரபணு வரிசை கணினியில் இருந்தால் போதும். அதில் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ ஒரு நிதிக்குத் தர வேண்டும் என்று 2024-ல் கொலம்பியாவின் காலி நகரில் நாடுகள் முடிவெடுத்தன. ஆனால், அது கட்டாயம் இல்லை. கட்டாயமாக்க இந்தியா குரல் கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, நாட்டு ரகம் வைத்திருப்பவர்கள் அதை உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம். உழவருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவோ காட்டுயாணமோ, ஒரு ஊரே காத்து வந்த ரகமாக இருந்தால் சமூகமாகச் சேர்ந்து விண்ணப்பிப்பதே நியாயம்.

இரண்டாவது, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர் பதிவேடும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவேடு இருப்பதே தெரியாத ஊர்கள் பல. அடுத்த கிராம சபையில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஊர் நெல், கத்தரி, மாடு, மூலிகை அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் எழுத வையுங்கள்.

மூன்றாவது, யாராவது விதை மாதிரி கேட்டு வந்தால் மறுக்க வேண்டாம். யார், எந்த நிறுவனம், எதற்காக, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவி வேளாண் அலுவலர்கள் தங்கள் கிராமப் பயணத்தில் வருடம் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் போதும். ஊரில் உள்ள ரகங்களின் பட்டியல் தயாராகிவிடும். வேளாண்மைத் துறை அதை இலக்காகவே வைக்கலாம். மஞ்சள் வழக்கில் நமக்குக் கைகொடுத்தது என்றோ யாரோ எழுதி வைத்த ஏடு. நாளை வரப்போகும் வழக்குக்கான ஏட்டை இன்று நாம்தான் எழுத வேண்டும்.