ஆட்டோகிளேவுக்கு முன்னால் ஒரு கை

அறுவைக் கருவியில் கிருமியை எப்படி அழிப்பது? மருத்துவ மாணவர் தூக்கத்திலும் சொல்வார்: ஆட்டோகிளேவ், 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். சரிதான் தோழர்களே. ஆனால் ரத்தம் காய்ந்து ஒட்டிய கத்தரிக்கோலை அப்படியே உள்ளே வைத்தால், அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவி சரியாக எட்டாது. முதலில் யாராவது அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கீல், பல், இடுக்கு எல்லாம்.

அந்த ‘யாராவது’ யார்? எத்தனையோ மருத்துவமனைகளில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்தான். எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. (‘துப்புரவு’ என்பதைத் ‘தூய்மை’ என்று மாற்றியதோடு கடமை முடிந்ததாம்.)

ரத்தத்தைத் தீட்டு என்றது சாதி. தீட்டு இல்லை, ஹெபடைடிஸ் பி என்றது அறிவியல். கழுவும் கை மட்டும் மாறவில்லை. அதே கைதான் ஊசியும் பஞ்சும் நிறைந்த பையையும் தூக்குகிறது. இதைச் ‘சேவை’ என்று புகழ்கிறவர்களிடம் கேளுங்கள்: தடுப்பூசி போட்டீர்களா?

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடச் சொல்கின்றன. பாதுகாப்பு உடை, ஆண்டுதோறும் உடல் பரிசோதனை, எல்லாம் உண்டு. “அவங்க ஏஜென்சி ஆளுங்க” என்ற சாக்குக்கு அதில் இடமில்லை.

10 ரூபாய் கட்டி உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? மூன்று தவணையும் போட்டுக்கொண்டவர் எத்தனை பேர்? கடந்த ஆண்டு ஊசி குத்தியதாகப் பதிவானவை எத்தனை?