விசைப்பெட்டிக்குள் எத்தனை கம்பிகள்?



'ஸ்மார்ட் சுவிட்ச்' எனப்படும் திறன்விசை நம் தாமான் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கைப்பேசியைத் தொட்டால் வரவேற்பறை விளக்கு எரிகிறது. வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால், இணையக் கடையில் வாங்கி, ஐந்து நிமிடக் காணொலி பார்த்துத் தாமே பொருத்த முனைகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்கலம், விசை, மின்குமிழ் கொண்டு மின்சுற்று கற்பிக்கிறோம். அப்படத்தில் விசைக்கு உள்ள வேலை, ஒரே ஒரு பாதையை இணைப்பதும் துண்டிப்பதும் மட்டுமே. வீட்டுச் சுவரிலும் அதே கதைதான். பல வீடுகளில் லைவ் கம்பி ஒன்று விசைப்பெட்டிக்கு வருகிறது. விளக்குக்குப் போகும் கம்பி ஒன்று அங்கிருந்து புறப்படுகிறது. நியூட்ரல் கம்பி விசைப்பக்கமே எட்டிப் பார்க்காமல் நேரே விளக்குக்குச் சென்றுவிடுகிறது. சாதாரண விசைக்கு அது தேவையும் இல்லை.

திறன்விசைக்குத் தேவை. விளக்கு அணைந்திருக்கும்போதும் அதனுள் உள்ள மின்னணுக் கருவி விழித்திருந்து கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டத்திற்கு முழுச் சுற்று வேண்டும். எனவே பல திறன்விசைகள் நியூட்ரல் கம்பியைக் கேட்கின்றன. பெட்டியில் அஃது இல்லையென்றால் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பச்சை நிற எர்த் கம்பியில் இணைத்துவிடுகிறார்கள்! விசையும் வேலை செய்வதுபோல் தோன்றும். எர்த் கம்பி பழுது நேர்கையில் உயிர் காக்க இருப்பது. அன்றாட மின்னோட்டத்தைச் சுமக்க அன்று. எங்கேனும் அவ்விணைப்பு அறுந்தால், அதனோடு பிணைந்த உலோகப் பாகங்களில் மின்னழுத்தம் ஏறக்கூடும். அதைத் தொடுவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நியூட்ரல் வேண்டாத வகையும் கிடைக்கிறது. அது விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி உயிர்வாழும். சில எல்இடி விளக்குகள் அணைத்த பின்னும் மங்கலாக மினுக்குவது இதனால்தான். அங்கே விசையை அணைத்துவிட்டோமே என்று நம்பி மின்குமிழைக் கழற்றலாகாது. மின்பெட்டியிலேயே துண்டிக்க வேண்டும்.

நிறத்தை மனனம் செய்வதும் போதாது. பழைய வழக்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். ஆயினும் விசைப்பெட்டியில் காணும் கறுப்பு, விளக்கு எரியும்போது லைவாகவே இருக்கக்கூடும். மும்முனை இணைப்புள்ள பழைய வீட்டில் நீலமும் லைவ்தான். சிங்கப்பூர் 2009-இல் ஏற்ற புதிய நிற முறையிலோ நீலம் நியூட்ரல்!

"கம்பி வேலை செய்பவர் அறிந்தால் போதாதா?" எனக் கேட்கலாம். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி இது தகுதிபெற்றவர் செய்யும் பணியே. பொருளை வாங்குபவர் நாமல்லவா? பொருந்தாததை வாங்கி வைத்துக்கொண்டு, "எப்படியாவது மாட்டிக் கொடுங்கள்" என அவரை நெருக்குபவர்களும் நாமே. பச்சைக் கம்பியில் கை வைக்கும் தவறு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது என்பேன். வாங்குமுன் அவரை அழைத்து, பெட்டியில் நியூட்ரல் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிரிம் முத்திரையையும் பாருங்கள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிற்கும் கொண்டு செல்லலாம். எதையும் கழற்றாமல், வீட்டு விளக்கு ஒன்றின் மின்சுற்றைத் தாளில் வரைந்து வரச் சொல்லுங்கள். மாடிப்படி விளக்கில் பிள்ளைகள் திணறுவார்கள்: மேலே ஒரு விசை, கீழே ஒரு விசை, விளக்கோ ஒன்று. பெற்றோரும் உடன் அமர்ந்து வரைந்து பாருங்களேன்.