டயரின் வயது என்ன?

அமெரிக்காவில் ஒரு கார். ஜெர்மனி நாட்டின் போர்ஷே கம்பெனி செய்த கார். "கரேரா ஜி.டி." என்பது அதன் பெயர்.

புதிதாக விற்றபோது அதன் விலை சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் டாலர்! 10 சிலிண்டர் என்ஜின். 600 குதிரைகளுக்கு மேற்பட்ட சக்தி. மணிக்கு 330 கிலோமீட்டர் வேகம் போகக்கூடியது.

அந்தக் கார் ஒரு நாள் இரண்டு உயிர்களைக் குடித்துவிட்டது.

2013-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. கலிபோர்னியா மாநிலத்தில் சான்டா கிளாரிட்டா என்னும் ஊர். பிற்பகல் நேரம். புயலால் பாதிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களுக்கு உதவி திரட்டும் நிகழ்ச்சி ஒன்று அங்கே நடந்தது. அங்கிருந்து இரண்டு நண்பர்கள் அந்தக் காரில் ஏறிப் புறப்பட்டார்கள்.

ஒருவர், பால் வாக்கர். "பாஸ்ட் அண்ட் பியூரியஸ்" என்ற கார் பந்தயப் படங்களில் நடித்து உலகப் புகழ் பெற்ற நடிகர். வயது 40. காரை ஓட்டியவர் அவருடைய நண்பர். பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர்.

கார் கட்டுக்கு அடங்காமல் ஓடியது. கம்பத்திலும் மரங்களிலும் மோதியது. தீப்பிடித்தது. இருவருமே பிழைக்கவில்லை.

விசாரணையில் தெரிந்தது

அதிகாரிகள் பல மாதங்கள் விசாரித்தார்கள். 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் முடிவை வெளியிட்டார்கள்.

குடிபோதை இல்லை. வேறு காருடன் போட்டி போடவில்லை. என்ஜினில் கோளாறு இல்லை. இருவரும் சீட் பெல்ட் அணிந்திருந்தார்கள். காற்றுப் பைகளும் விரிந்தன.

பிறகு ஏன் விபத்து?

அந்தச் சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வரையில்தான் போகலாம். கார் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. அந்த வேகமே விபத்துக்குக் காரணம் என்று அதிகாரிகள் கூறினார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் குறித்து வைத்தார்கள். காரின் டயர்கள் 9 வயதைத் தாண்டியவை! பழைய டயர்களால் கார் சொன்னபடி கேட்பது குறைந்திருக்கலாம் என்று அறிக்கை கூறியது.

காருக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் நான்கு டயரின் விலை ஒரு சிறு பங்குதான். ஆனால் உயிர் அந்தச் சிறு பங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

நான்கு உள்ளங்கை

எவ்வளவு பெரிய காராக இருக்கட்டும். அது தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். அதிவேகக் காரின் டயர் அகலமானது; அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான்.

என்ஜினின் சக்தி அந்த உள்ளங்கை வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. பிரேக்கும் அதன் வழியாகத்தான் காரை நிறுத்துகிறது. திருப்பத்தில் காரை வெளியே வீசாமல் பிடித்துக் கொள்வதும் அதுவே.

டயரின் பிடிப்பு, மடியில் உள்ள பணம் போல. திருப்பத்தில் முழுவதையும் செலவழித்துவிட்டால், பிரேக் போடும்போது மடி காலி! திருப்பத்தின் நடுவில் பிரேக்கை மிதிக்கிறவர் சறுக்குவது இதனால்தான். நல்ல டிரைவர், திருப்பம் வருமுன்பே வேகத்தைக் குறைத்துக் கொள்வார்.

வேகம் இரண்டு மடங்கானால், அதே திருப்பத்தில் திரும்ப நான்கு மடங்கு பிடிப்பு வேண்டும். நிறுத்துவதற்கும் நான்கு மடங்கு தூரம் வேண்டும். உள்ளங்கையோ அதே உள்ளங்கைதான்.

ஓடாத டயரும் கிழமாகும்!

"என் காரை நான் அதிகம் ஓட்டுவதே இல்லை. டயர் தேயவே இல்லையே!" என்று பலர் பெருமைப்படுகிறார்கள். விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சு அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவார்கள். மற்ற நாட்களில் துணி போட்டு மூடி வைப்பார்கள்.

ஆனால் ரப்பர் சும்மா இருப்பதில்லை.

காற்றில் உள்ள பிராணவாயு ரப்பரை நாள்தோறும் மாற்றிக் கொண்டே இருக்கிறது. வெயிலும் சூடும் அந்த வேலையை விரைவாக்குகின்றன. மெத்தென்று இருந்த ரப்பர் இறுகுகிறது. இறுகிய ரப்பர், சாலையின் சிறு மேடு பள்ளங்களைக் கவ்விப் பிடிக்காது. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். சில டயர்களில் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அடுக்குகளின் ஒட்டு தளர்ந்திருக்கும்.

டயரில் ரப்பரைக் காக்கும் மெழுகு போன்ற பொருள்களையும் கலந்திருக்கிறார்கள். டயர் ஓடி, நெளிந்து கொடுக்கும்போது அவை மேலே வந்து காக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு.

எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? 6 வருடத்தில் மாற்றிவிடும்படி பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், 10 வருடம் ஆனால் பட்டன் தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்று சில டயர் கம்பெனிகள் சொல்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காரை விட, 200 கிலோமீட்டரில் போகும் காருக்குக் கண்டிப்பு அதிகம் வேண்டும்.

டயரில் எழுதியிருக்கிறது

டயரின் பக்கச் சுவரைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் ஜாதகமே அங்கே எழுதியிருக்கிறது.

கரேரா ஜி.டி.யின் பின் டயரில் "335/30 இசட்.ஆர். 20" என்று இருக்கும். 335 என்பது அகலம், மில்லிமீட்டரில். 30 என்றால், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 30 பங்கு. "ஆர்" என்றால் ரேடியல் வகை. 20 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

"இசட்" என்பது வேகத்தைக் குறிக்கும். மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் தாங்கும் என்று பொருள். இதைத் தவிர, அளவுக்குப் பிறகு ஓர் எழுத்து வரும். "எச்" என்றால் 210 கிலோமீட்டர். "வி" என்றால் 240. "டபிள்யூ" என்றால் 270. "ஒய்" என்றால் 300. அந்த எழுத்துக்கு முன்னால் உள்ள எண், டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும். 91 என்று இருந்தால், ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும்.

கார் கம்பெனி சொன்ன எழுத்துக்கும் எண்ணுக்கும் குறைந்த டயரைப் போடுவது தவறு. விலை மலிவு என்று 210 கிலோமீட்டர் டயரை வாங்கி 300 கிலோமீட்டர் காரில் மாட்டினால், சூடு தாங்காமல் டயர் உரிந்து போகலாம்.

கடைசியாக வயது. "டி.ஓ.டி." என்ற எழுத்துக்களுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். "2319" என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. 2000-ம் ஆண்டிலிருந்து இந்த நான்கு எண் முறை வழக்கில் இருக்கிறது. கடையில் "புது டயர்" என்று கொடுப்பார்கள். அது கிடங்கில் எத்தனை வருடம் தூங்கியது என்பதை இந்த நான்கு எண்களே சொல்லும்.

எதை வாங்குவது?

அதிவேக டயரின் ரப்பர் மெத்தென்றது. நன்றாகக் கவ்வும், சீக்கிரம் தேயும். சாதாரண டயரின் ரப்பர் சற்றுக் கடினம். நெடுநாள் உழைக்கும், கவ்வுவது குறைவு. இரண்டையும் ஒரே டயரில் முழுமையாகப் பெற முடியாது.

அமெரிக்காவில் விற்கும் கார் டயரில் தேய்மான எண் ஒன்றும் இருக்கும். 200 என்று இருந்தால் பிடிப்பை நாடிச் செய்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். 500 என்று இருந்தால் உழைப்பை நாடிச் செய்தது.

பந்தயத் திடலுக்கென்றே வரும் டயர்களும் உண்டு. அவற்றில் பள்ளங்கள் மிகக் குறைவு. காய்ந்த தரையில் அட்டை போல ஒட்டிக் கொள்ளும். மழையில்? தண்ணீர் வெளியேற வழியில்லை. கார் தண்ணீரின் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது!

குளிர் நாடுகளில் வேறொரு சங்கடம். கோடைக்காலத்துக்கான டயர், 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் விறைத்துப் போகும். ஆகவே ஜெர்மனியில் பலர் கோடைக்கு ஒரு ஜோடனை, பனிக்கு ஒரு ஜோடனை என்று இரண்டு வைத்திருக்கிறார்கள்.

பெருமைக்காக வாங்கக் கூடாது. எந்தச் சாலை, எந்தப் பருவம், எந்த வேகம் என்று பார்த்து வாங்க வேண்டும். முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை என்று கலந்து மாட்டவும் கூடாது. கார் கம்பெனி குறித்த அளவுகளில் ஒரே வகை டயர்களை மாட்டுவதே நல்லது.

ஓட்டும்போது

புது டயரை மாட்டியவுடன் பறக்கக் கூடாது. மேல்தோல் வழுக்கலாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும்.

காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு அழுத்தம் ஏறிக் காட்டும். "அதிகமாக இருக்கிறதே" என்று அப்போது இறக்கிவிட்டால், ஆறியபின் குறைவாகிவிடும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளியும், நெளிந்தால் சூடாகும், சூடானால் வெடிக்கும். வேகமாகப் போகும் காருக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஜெர்மனியில் நூர்பர்கிரிங் என்று ஒரு புகழ் பெற்ற பந்தயப் பாதை இருக்கிறது. 1927-ம் ஆண்டில் திறந்தார்கள். அதன் வடக்குச் சுற்று மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல். மலையும் காடுமான இடம். பணம் கட்டினால் பொது மக்களும் தங்கள் காரை அங்கே ஓட்டலாம். ஒரு பக்கம் வெயில் அடிக்கும். அதே சுற்றில் மறு பக்கம் மழை பெய்யும்! காய்ந்த இடத்தில் கிடைத்த பிடிப்பு அடுத்த வளைவிலும் கிடைக்கும் என்று நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். அனுபவசாலிகள் முதலில் மெதுவாக ஓட்டி டயரைச் சூடாக்குவார்கள். பிறகே வேகம் எடுப்பார்கள். இறங்கியதும் டயரைத் தடவிப் பார்ப்பார்கள்.

தேதி எங்கே?

இங்கே ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது.

மருந்துப் புட்டியில், செய்த தேதி இருக்கிறது. காலாவதியாகும் தேதியும் இருக்கிறது. குழந்தை தின்னும் பிஸ்கட் பொட்டலத்திலும் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்கூடப் புரிந்து கொள்ளலாம்.

டயரில் மட்டும் ஏன் புதிர்? கருப்பு ரப்பரில் கருப்பு எண்கள். பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே தேதி இருக்கிறது. அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால், காருக்கு அடியில் புகுந்துதான் பார்க்க வேண்டும்!

செய்த மாதத்தையும் வருடத்தையும் இரண்டு பக்கமும் பளிச்சென்று போட்டால் என்ன? கம்பெனிகளுக்கு அது பெரிய வேலை அல்ல. அரசாங்கங்கள் சட்டம் போட்டால் தானாக நடந்துவிடும். கடைக்காரரும் பழைய சரக்கைப் புதிது என்று தள்ள முடியாது.

அதற்காக, பழியை எல்லாம் டயர் மேல் போடவும் முடியாது. 72 கிலோமீட்டர் சாலையில் 150 கிலோமீட்டர் வேகம் போனால், நேற்றுச் செய்த டயரும் கைவிட்டுவிடும். நல்ல டயர், அசட்டுத் துணிச்சலுக்கு லைசென்சு அல்ல.

வீட்டு வாசலிலும்...

கோடீசுவரர்களின் கார் சமாசாரம்தானே என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் டயரிலும் இதே எழுத்துக்கள் இருக்கின்றன. அதில் "ஜே" என்று இருந்தால் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை தாங்கும். நான்கு எண் தேதியும் இருக்கிறது. குழந்தைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு போகும் வேனிலும் இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகும் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால், ஒரு நிமிடத்தில் படித்துவிடுவான். பட்டன் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, வயது என்ன? மூன்று கேள்வி போதும்.

வயதான டயரை மாற்றுகிற செலவு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். அதை மிச்சம் பிடித்துப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை.