மூன்றாவது துளை எதற்கு?



புது வீட்டிற்குக் குடிபோன மகிழ்ச்சி எங்களுக்கு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. காரணம், எங்கள் சலவை இயந்திரம். பழைய வீட்டில் ஆறு ஆண்டுகள் தொல்லையின்றி உழைத்த அதே இயந்திரம், இங்கு வந்ததும் தொட்டவர் கையைச் 'சுருக்'கென்று தாக்கியது. பழுது பார்ப்பவர் இருமுறை வந்தார். திறந்து பார்த்து, "மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு துவையுங்கள்" என்றார். கட்டணத்தை வாங்கிச் சென்றார். இயந்திரத்தையே மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

பிறகு வந்தவர் ஒரு வயரிங் தொழிலாளி. அவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. சுவரிலிருந்த பிளக் பாயிண்டைச் சோதனை விளக்கால் பார்த்தார். பேஸ், நியூட்ரல் துளைகளுக்கு இடையே விளக்கு எரிந்தது. பேஸுக்கும் மேலேயுள்ள பெரிய துளைக்கும் இடையே எரியவில்லை. மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றினார். பெரிய துளையின் பின்னால் கம்பியே இல்லை!

அதுதான் புவித்தொடுப்பு, அதாவது 'எர்த்' துளை. இயந்திரத்தின் உலோகக் கூட்டை மண்ணோடு இணைப்பது அதன் வேலை. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பல இயந்திரங்களில் மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். பழுது எதுவும் இல்லாதபோதும் இவற்றின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் கூட்டுக்கு வரும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தொடுபவரின் உடலே கம்பியாகிவிடும்!

எங்களுக்குக் கிடைத்தது 'சுருக்' மட்டுமே. பேஸ் கம்பியின் உறை தேய்ந்து கூட்டில் பட்டிருந்தால்? ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடை சுமார் 1000 ஓம் என்று கொள்வோம். மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலையக்கூடும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்பீர்கள். பல ஆம்பியர் பாய்ந்தால்தான் ஃபியூஸ் அறுபடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உண்டு, ஆர்.சி.சி.பி. என்பார்கள். எர்த், இந்தக் கருவி இரண்டும் வேண்டும்.

கம்பியில்லாத மூன்றாவது துளை ஒரு பொய் என்பேன். பாதுகாப்பு இருப்பதாக அது நம்மை நம்பவைக்கிறது. செருகியின் எர்த் முள் மற்றவற்றைவிட நீளமாயிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவுமே இந்த ஏற்பாடு. இவ்வளவு யோசித்துச் செய்த முள்ளை வெற்றுத் துளையில் நுழைக்கிறோம். சிலர் அதை ஒடித்தே விடுகிறார்கள்!

குறை கட்டியவருடையது மட்டுமன்று. தரைக் கல்லின் நிறத்திற்காக நாங்கள் பத்துக் கடை ஏறி இறங்கினோம். எர்த் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பள்ளியில் ஓம் விதி படித்த நானும்தான்.

நீங்களாவது கேளுங்கள். பிளக் பாயிண்டில் நீங்களே எதையும் நுழைத்துப் பார்க்க வேண்டாம். "நம் வீட்டில் எர்த் வேலை செய்கிறதா?" என்று இன்றே பெரியவர்களிடம் கேளுங்கள், தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். இயந்திரம் 'சுருக்'கென்று தாக்கினால் செருப்பைத் தேடாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.