தோட்டம் தொடங்குமிடம் கிணற்றடி

வீட்டுத் தோட்டம் என்றதும் விதையை நினைப்போர் பலர். நிலத்தை நினைப்போர் சிலர். நீரை நினைப்போர் மிகச் சிலரே. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நம்மவர்க்கோ முதற்கண் எண்ணவேண்டியது நீரேயாகும். இதனை யான் ஏட்டிற் படித்து அறிந்தேனல்லேன், பட்டு அறிந்தேன்.

2022 ஆம் ஆண்டு ஆனி மாதம். எரிபொருள் தட்டுப்பாட்டினால் மலைநாட்டு மரக்கறி ஏற்றிய லொறிகள் வருவது அரிதாயிற்று. வந்தவற்றின் விலையோ ஆசிரியன் சம்பளத்துக்கு எட்டவில்லை. அரச ஊழியர் தோட்டஞ் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அரசாங்கம் தீர்மானித்ததும் அக்காலத்திலேயே. யானும் உற்சாகம் மேலிட, வளவு முழுவதையும் கொத்திக் கத்தரி, வெண்டி, மிளகாய் அனைத்தையும் ஒருங்கே நட்டேன். மின்சாரம் உள்ள வேளையெல்லாம் யந்திரத்தால் நீர் இறைத்துப் பாய்ச்சினேன். கச்சான் காற்றோ ஓயாது வீசிற்று. ஒரு திங்களுக்குள் இலைகளின் விளிம்பு கருகிற்று. கிணற்றுநீர் நாவிற் கரித்தது. பயிர் போனதுமன்றி, குடிநீருக்கும் அயலார் கிணற்றை நாடவேண்டியதாயிற்று.

அவ்வயல் வீட்டு மூதாட்டி என் குடத்தைப் பார்த்து, "மகன், நம்மட கிணத்துல அள்ளலாம், உறிஞ்ச ஒண்ணாது" என்றார்.

அச்சொல்லில் விஞ்ஞானமே அடங்கியிருந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் மணற்பாங்கில், மழையால் ஊறிய நன்னீர், பாரங் கூடிய உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. அளவுமீறி இறைப்பின் உவர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை புகுந்த கிணறுகளை மிகையாக இறைக்கலாகாது என வல்லுநர் எச்சரித்ததும் இதனாலேயே.

ஆதலால், தோட்டம் போட விழையும் அன்பர்கள் கோடை முதிர்ந்த ஆவணியில் தம் கிணற்றுநீரைச் சுவைத்து அறிக. பின்னரே பாத்தியின் தொகையை வகுக்க. மூன்றடி அகலமும் பத்தடி நீளமும் உள்ள பாத்திக்கு மழையில்லா நாளில் ஏறத்தாழ இரண்டு வாளி நீர் வேண்டும். கையால் அள்ளி ஊற்ற இயலும் அளவே தோட்டத்தின் அளவு. அகலம் மூன்றடியாயின் இருபுறமும் நின்று, மண்ணை மிதியாமற் களை பிடுங்கலாம்.

மணல் நீரைப் பிடித்து வையாது; ஆகவே மாட்டெரு, சருகு, சீமைக்கிளுவைத் தழை ஆகியவற்றை மக்கவைத்துக் கலக்க. புரட்டாசியிற் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை இடுக. ஐப்பசியில் மழை தொடங்க நடுக. மாரி வெள்ளம் வேரை அழுகச் செய்யாதிருக்கப் பாத்தியை முக்காலடி உயர்த்துக. கீரை மூன்று நான்கு வாரத்திற் கைக்கு வரும். பயற்றையை வேலியிற் படரவிடலாம். மாரி கழிந்ததும் சருகினால் நிலத்தை மூடுக. போஞ்சியும் கரட்டும் உப்பைப் பொறா. அவற்றை மலைநாட்டுக்கே விட்டுவிடுவோம். பாத்திரம் அலம்பிய நீர் வாழைக்குப் போதும்.

இன்று எம் வளவில் உள்ளவை இரண்டே பாத்திகள். கிழமையில் மூன்று நாட் கறிக்கு அவை போதியன. பல மாரி கண்ட கிணறும் மீண்டும் இனிக்கின்றது. மாணவச் செல்வங்களே, மண்வெட்டியைத் தேடுமுன் ஒரு வாளி நீரை உங்கள் கையால் அள்ளிப் பாருங்கள்.