மேற்படிப்பு முடியும் வரை பிடிபிடிஎன் காத்திருக்குமா?

முதல் பட்டத்தை முடித்த பிள்ளை முதுகலைக்கோ தொழில்முறைப் படிப்புக்கோ மீண்டும் விண்ணப்பிக்கிறது. முதல் பட்டத்துக்கு வாங்கிய கடன் அதுவரை என்ன ஆகும்? இக்கேள்விக்கு நம் பெற்றோரிடையே இரண்டு விடைகள் உலவுகின்றன. "படித்துக்கொண்டுதானே இருக்கிறான், தவணை தானாகவே நின்றுவிடும்" என்பது ஒன்று. "பழைய கடனைக் கட்டி முடிக்காமல் மேலே படிக்கவே முடியாது" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதல் எண்ணத்தால் கடன் நிலுவையில் விழுகிறது. இரண்டாவது எண்ணத்தால், படிக்க வேண்டிய பிள்ளை படிக்காமலே நின்றுவிடுகிறது.

பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. நம் சமுதாயத்தில் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அதுவே கதவைத் திறந்துவிட்டது. அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். படிப்பு முடிந்து, குறிப்பிட்ட அவகாசம் கழிந்ததும் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மேலே படிப்பவர்கள் அதனை ஒத்திவைக்குமாறு கேட்கலாம். பாரங்களில் 'பெனாங்குஹான்' என்ற மலாய்ச் சொல்லைத் தேடுங்கள், அதுதான் இது. ஆனால் கேட்க வேண்டும். புதிய படிப்புக்கான சான்றுகளை இணைத்து விண்ணப்பித்து, ஒப்புதல் பெற வேண்டும். கேட்காதவரைக் கழகத்தின் கணக்கு, தவணை கட்டாதவராகவே பார்க்கும். அவர் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

தானாக நிற்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஓரளவு 2020-இல் இருந்து வந்திருக்கலாம். கோவிட் பெருந்தொற்றின்போது ஏப்ரல் தொடங்கி ஆறு மாதங்களுக்குத் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. அது பேரிடர்க்காலச் சலுகை. அதற்கு முன்பே, 2018 பொதுத்தேர்தலில், மாதம் 4,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகச் சம்பாதிப்போரின் தவணையை ஒத்திவைப்போம் என்ற வாக்குறுதி மேடையேறியது. ஒத்திவைப்பு என்பது அரசாங்கம் தரும் அன்பளிப்பு என்ற நினைப்பு அப்போதே மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது போலும்! அதே ஆண்டில், கடன் கட்டாதோர் வெளிநாடு செல்வதற்கு இருந்த தடையும் நீக்கப்பட்டது. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டபோதுதான் தம் நிலுவையை அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்த அச்சம் போனதும், கடனே போய்விட்டதாகச் சிலர் இருந்துவிட்டனர்.

அமெரிக்காவில் கூட்டரசு மாணவர் கடன் பெற்றவர், முதுகலையிலோ சட்டம், மருத்துவம் போன்ற தொழில்முறைப் பள்ளியிலோ குறைந்தது அரைநேர மாணவராகப் பதிந்துகொண்டால், கல்வி நிலையம் அனுப்பும் பதிவுத் தகவலைக் கொண்டே தவணை பெரும்பாலும் தானாக நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கடனில் இரண்டு வகை. ஒருவகைக்கு அக்காலத்து வட்டியை அரசே ஏற்கிறது. மற்றதற்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்து, ஒத்திவைப்பு முடியும்போது அசலோடு சேர்ந்துவிடும். அதன்பின் வட்டிக்கும் வட்டி. மூன்றாண்டு சட்டம் படித்துவிட்டு வெளியே வருபவர், தாம் வாங்கியதைவிடப் பெரிய தொகையைக் கண்டு திகைப்பது அங்கே வழக்கமான கதை.

நம் நாட்டு முறை வேறு. 2008-க்குப் பின் நடப்புக்கு வந்த உஜ்ரா எனும் சேவைக் கட்டணம், அசல் தொகைக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. 30,000 ரிங்கிட் கடன், 15 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். உஜ்ரா 4,500 ரிங்கிட், மொத்தம் 34,500, மாதம் ஏறக்குறைய 192 ரிங்கிட். ஈராண்டு ஒத்திவைத்தால் அந்த 24 மாதங்களில் கட்டியிருக்க வேண்டிய 4,600 ரிங்கிட் மறைந்துவிடாது. பின்னால் போய் நிற்கும். 23 வயதில் தொடங்க வேண்டியவர் 25-இல் தொடங்குவார், 40-இல் முடிப்பார். அப்போது அவருடைய பிள்ளை நம் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். ஒத்திவைக்கும் காலத்துக்கு உஜ்ரா எவ்வாறு கணக்கிடப்படும் என்பதை ஒப்புதல் பெறும்போதே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகப்பில் இருப்பவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

நம் பிள்ளைகள் பெரிதும் விரும்பும் சட்டத்துறையைப் பாருங்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர் இங்கே வழக்கறிஞராக, சிஎல்பி தேர்வில் தேற வேண்டும். அதன்பின் ஒன்பது மாதம் சேம்பரிங். உள்நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சட்டம் படித்தவருக்குச் சிஎல்பி இல்லை, சேம்பரிங் உண்டு. சேம்பரிங்கில் இருப்பவர் மாணவரா, ஊழியரா? எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு மாணவர் என்று உறுதிக்கடிதம் தராது. கையில் வரும் படித்தொகையோ வாடகைக்கும் எண்ணெய்க்குமே சரியாகிவிடும். மேற்படிப்பு என்ற காரணம் பொருந்தாத இத்தகையோர், குறைந்த வருமானம் என்ற காரணத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 1,800 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பாதிப்போர் ஆறு மாத ஒத்திவைப்புக் கோரலாம் என்று அறிவிக்கப்பட்டது இத்தகையோருக்குப் பொருந்தக்கூடியதே. வீட்டில் யாருக்கேனும் இது தெரிந்திருந்ததா என்பதே என் கேள்வி.

இனி, பலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. வேலை கிடைக்கவில்லை, தவணைக் கடிதம் வருகிறது, எனவே முதுகலையில் சேர்ந்துவிடலாம் என்று முடிவெடுக்கும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். படிப்பின் மேல் ஆர்வம் இல்லை. கடனிடமிருந்து ஒளிந்துகொள்ள ஓரிடம் வேண்டும், அவ்வளவுதான். பழைய கடன் அப்படியே இருக்க, முதுகலைக் கட்டணத்துக்கு அப்பாவின் சேமிப்பு கரையும். ஈராண்டு கழித்து அதே வேலைச் சந்தை, இரண்டு சுமை. ஆய்வில் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளையை எவரும் தடுக்க வேண்டாம். ஒளிந்துகொள்ளப் போகும் பிள்ளையிடம், அந்த 192 ரிங்கிட்டுக்கு ஒரு பகுதிநேர வேலை போதாதா என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும்.

ஏனெனில் பிள்ளை கட்டாவிட்டால் கடிதம் வீட்டுக்குத்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் பிணையாளராகக் கையெழுத்திட்ட தந்தையோ மாமாவோ அதனை வாங்கி, பிரிக்காமலே தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைக்கிறார். மகன் பினாங்கிலோ ஜொகூரிலோ படிக்கிறான். வரும்போது பார்ப்பான் என்று நினைக்கிறார். அரசாங்க மலாயில் எழுதப்பட்ட அக்கடிதம் பிணையாளரையும் பொறுப்பாக்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்து ஓய்ந்த ஒருவரின் முதுமையில் இப்படி ஒரு சுமை ஏறலாமா?

பல்கலைக்கழகங்களிடம் மாணவர்களின் அடையாள அட்டை எண் இருக்கிறது, கழகத்திடமும் இருக்கிறது. ஒருவர் முழுநேர முதுகலையில் பதிந்தவுடனேயே, "தவணையை ஒத்திவைக்க விரும்புகிறீர்களா?" என்று கழகம் அவருக்கும் பிணையாளருக்கும் கேட்டு எழுதலாம். அமெரிக்காவைப் போல் தானாக நிறுத்திவிட வேண்டாம். தானாக நின்றால் நாம் மறந்துபோவோம். கேள்வி தானாக வரட்டும், விடையைக் கடனாளி சொல்லட்டும்.

அதுவரை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் எஸ்எஸ்பிஎன் சேமிப்பைப் பற்றிப் பேசும் நாம், கால்மணி நேரம் இதையும் பேசலாம். முதல் தவணை நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் எந்தத் தேதி வரை என்று உள்ளதோ அதனை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். முகவரி மாறினால் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒத்திவைத்த காலத்திலும் 50 ரிங்கிட் கையில் மிஞ்சினால் கட்டலாம், எவரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். சம்பளம் வாங்கிக்கொண்டே வார இறுதிகளில் முதுகலை பயில்வோர் நம்முள் பலர். நாமும் ஒத்திவைப்புக் கேட்கலாமே என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுவதுண்டு. விதி இடம்கொடுத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. நாம் திருப்பிக் கட்டும் பணத்திலிருந்துதான், நாம் ஆறாம் ஆண்டில் வழியனுப்பிவைத்த மாணவனுக்குப் பின்னொரு நாள் கடன் கிடைக்கப் போகிறது. நம் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யச் சொல்லிக் கொடுத்த கடிதம் அப்படியே இருக்கட்டும்.